கைப்பேசியில் ஒலிக்கும் அபாய அறிவிப்பு: ஐயமும் விளக்கமும்

நமது சங்கங்களில் நூல் வாங்க வரும் நெசவாளரும், உரம் வாங்க வரும் உழவரும் அண்மைக் காலமாக ஒரே விஷயத்தைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்வதைக் கேட்கிறோம். கைப்பேசியில் ஓயாமல் எச்சரிக்கை வருகிறது. இடி என்கிறது, மின்னல் என்கிறது, கனமழை என்கிறது. வானத்தைப் பார்த்தால் வெயில் அடிக்கிறது. யார் இதை அனுப்புகிறார்கள்? எதற்காக அனுப்புகிறார்கள்? நம்மை வேவு பார்க்கும் வழியா, அல்லது பணம் பறிக்கும் தந்திரமா? இவ்வாறு கேட்பவர்களில் படித்தவரும் உண்டு, படியாதவரும் உண்டு. சிலர் அந்தத் தொல்லையே வேண்டாமென்று பேரப் பிள்ளைகளிடம் கொடுத்து அறிவிப்பு வராதபடி அடைத்தும் விட்டனர். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் குழித்தறிக்குள் நீர் புகும் ஊர்களிலும், ஆற்றங்கரைப் பயிரையே நம்பி வாழும் ஊர்களிலும் இவ்வாறு அடைத்து வைப்பது நல்லதன்று என்று நாம் கருதுவதால், இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதத் துணிந்தோம்.

தமிழ்நாட்டில் பலருக்கு இந்த ஐயம் பிறந்த நாள் 2023 ஆம் ஆண்டு அக்டோபர் 20 ஆகும். அன்று பகற்பொழுதில் மாநிலமெங்கும் எண்ணற்ற கைப்பேசிகள் ஒரே சமயத்தில், அதுவரை கேட்டறியாத ஓசையுடன் அலறின. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்காக மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்திய சோதனை அது. நாட்டின் வேறு பல பகுதிகளிலும் அவ்வாண்டில் இதே சோதனை நடந்தது. இது வெறும் மாதிரிச் செய்தி, நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை என்று திரையில் தெளிவாகவே எழுதியிருந்தது. ஆனால் எழுத்தைப் படிப்பதற்கு முன்பே ஓசை காதில் விழுந்துவிடுகிறது. படிக்கத் தெரியாதவருக்கு ஓசை மட்டுமே மிச்சம். தறியில் உட்கார்ந்திருந்தவர் திடுக்கிட்டு எழுந்ததும், கைப்பேசி வெடிக்கப் போகிறதென்று அதைத் தூர எறிந்ததும் இயற்கையே. அச்சத்துக்கு விளக்கம் உடனே கிடைக்காதபோது அந்த இடத்தை வதந்தி நிரப்பிக்கொள்கிறது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குணமன்று. அதே மாதம் 4 ஆம் தேதி அமெரிக்கா முழுவதும் இத்தகைய சோதனை நடந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன்பிருந்தே, அந்த ஒலி எழும் கணத்தில் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களின் உடலுக்குள் ஏதோ விழித்துக்கொள்ளும் என்னும் பேச்சு அங்கே பரவிற்று. கைப்பேசியை அணைத்து வைக்கும்படி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டனர். சோதனை நடந்தது, ஒலி எழுந்தது, யாருக்கும் ஒன்றும் நேரவில்லை. விஞ்ஞானத்தில் முன்னேறிய நாட்டிலேயே இப்படி என்றால், நம் ஊர்ப் பாட்டி அஞ்சினாள் என்று நகைப்பதற்கு இடமில்லை.

இனி, இந்த அறிவிப்பு எவ்வாறு வந்து சேர்கிறது என்று பார்ப்போம். அதை அறிந்துகொண்டால் பாதி ஐயம் தீரும்.

முற்காலத்தில் ஊருக்கு ஒரு செய்தியை இரண்டு வழிகளில் சொல்லலாம். தபால்காரர் மூலம் வீடு வீடாகக் கடிதம் கொடுக்கலாம். அல்லது தெருமுனையில் தமுக்கு அடிக்கலாம். கடிதத்துக்குப் பெயரும் விலாசமும் வேண்டும். தமுக்குக்கு அவை வேண்டியதில்லை. ஓசை எட்டும் தூரத்தில் யார் இருந்தாலும், ஊர்க்காரரோ வழிப்போக்கரோ, அவர் காதில் விழும். தமுக்கு அடிப்பவருக்கோ எந்த வீட்டில் யார் கேட்டார் என்பது தெரியாது. கைப்பேசிக்கு வரும் அபாய அறிவிப்பிலும் இவ்விரண்டு வகைகள் உண்டு. 2023 இல் அலறியது தமுக்கு வகையைச் சேர்ந்தது. 'செல் பிராட்காஸ்ட்' என்று அதற்குப் பெயர். அபாயம் நேரக்கூடிய பகுதியை வரைபடத்தில் குறிக்கிறார்கள். அந்தப் பகுதியிலுள்ள கைப்பேசிக் கோபுரங்கள் ஒரே செய்தியை வானலையில் திரும்பத் திரும்ப ஒலிபரப்புகின்றன. அந்த எல்லைக்குள் உயிரோடிருக்கும் கைப்பேசிகள் அதைக் கேட்டுக்கொள்கின்றன. எண்களின் பட்டியல் எதுவும் இதற்குத் தேவையில்லை. கைப்பேசி பதிலும் அனுப்புவதில்லை. ஆகவே, நீங்கள் அதைப் படித்தீர்களா, அணைத்தீர்களா என்பது அனுப்பியவருக்கு எட்டாது. வேவு பார்க்க நினைப்பவருக்கு இதைவிடப் பயனற்ற கருவி வேறில்லை.

இம்முறை புதியதும் அன்று. பொத்தான் வைத்த சிறிய கைப்பேசிகள் வந்த காலத்தில், திரையின் மேற்பகுதியில் நாம் இருக்கும் ஊரின் பெயர் தோன்றிக்கொண்டிருந்தது மூத்த அங்கத்தினர்களுக்கு நினைவிருக்கலாம். பேருந்தில் போகும்போது ஊர் மாற மாறப் பெயரும் மாறும். அதுவும் இதே ஒலிபரப்புத்தான். அன்று அது சத்தமின்றி வந்ததால் எவரும் அஞ்சவில்லை.

எல்லாரும் ஒரே சமயத்தில் பேச முற்படுகையில் தொலைபேசி இணைப்புகள் திணறுவதை நாம் அறிவோம். புயல் நேரத்தில் அழைப்பும் போகாது, குறுஞ்செய்தியும் மணிக்கணக்கில் தங்கிவிடும். ஒலிபரப்புக்கு அந்த நெருக்கடி இல்லை. பத்துப் பேர் கேட்டாலும் பத்து லட்சம் பேர் கேட்டாலும் கோபுரத்துக்கு வேலை ஒன்றே. அபாய காலத்துக்கு இம்முறையைப் பல நாடுகள் தேர்ந்துகொண்டதற்கு இதுவே முதற்காரணம். நம் நாட்டில் இதற்கான ஏற்பாட்டை உருவாக்கியது சி-டாட் என்னும் மத்திய அரசு ஆராய்ச்சி நிறுவனம்.

மற்றொரு வகை, கடிதத்தைப் போன்ற குறுஞ்செய்தி. மழைக்காலத்தில் நமக்கு அடிக்கடி வருபவை பெரும்பாலும் இவையே. 'சசேத்' என்னும் தேசிய ஏற்பாட்டின் வழியாகவும், மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் பெயரிலும் இவை வருகின்றன. இங்கே எண் வேண்டும். குறிப்பிட்ட பகுதியின் கோபுரங்களோடு எந்தெந்த எண்கள் தொடர்பில் உள்ளன என்பதைத் தொலைபேசி நிறுவனம் தன் கணக்கிலிருந்து அறிந்து, எண் எண்ணாக அனுப்புகிறது. அப்படியானால் நாம் இருக்கும் இடம் நிறுவனத்துக்குத் தெரிகிறதல்லவா என்று கேட்கலாம். தெரியத்தான் செய்கிறது. நமக்கு ஓர் அழைப்பு வந்தால் அதை எந்தக் கோபுரத்துக்கு அனுப்புவது என்று அறியாமல் தொலைபேசியே நடவாது. அந்த விவரத்தை யார் எதற்குப் பயன்படுத்தலாம் என்பது கேட்கத் தக்க கேள்வி. குடிமக்கள் கேட்கவும் வேண்டும். ஆனால் மழை அறிவிப்பை அடைத்துவிடுவதால் அந்த விவரம் மறைந்துவிடாது. அறிவிப்புத்தான் நின்றுபோகும்.

பணம் பறிபோகுமோ என்னும் அச்சத்துக்கு ஓரளவு நியாயம் உண்டு. அரசின் பெயரைச் சொல்லி ஏமாற்றும் கூட்டம் பெருகிவிட்ட காலம் இது. வெள்ள நிவாரணம் தருகிறோம், இந்த இணைப்பைத் தொடுங்கள் என்று வரும் செய்தி எதையும் நம்பற்க. மெய்யான அபாய அறிவிப்பு உங்கள் வங்கிக் கணக்கையோ, ஆதார் எண்ணையோ, ஓ.டி.பி. என்னும் ரகசிய எண்ணையோ கேட்பதில்லை. 2025 ஆம் ஆண்டு மே மாதம் முதல், நிறுவனங்களின் பெயரில் வரும் குறுஞ்செய்திகளில் அனுப்புநர் பெயரின் இறுதியில் ஓர் ஆங்கில எழுத்து சேர்க்கப்படுகிறது. அரசுத் துறையிலிருந்து வருவதற்கு 'ஜி' என்னும் எழுத்து அடையாளம். பத்து இலக்கத் தனி எண்ணிலிருந்து 'அரசு அறிவிப்பு' வந்தால் அதைச் சந்தேகிப்பதே முறை. ஏமாந்துவிட்டவர் தாமதமின்றி 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்கலாம்.

நிற்க. இதுவரை சொன்ன ஐயங்கள் விளக்கிச் சொன்னால் நீங்கக்கூடியவை. இவற்றைவிட வலுவான ஒன்று உண்டு. 'அடிக்கடி வருகிறது; பலமுறை பொய்க்கிறது; ஆகவே பார்ப்பதை விட்டுவிட்டேன்' என்பதே அது. இவ்வாறு சொல்பவரிடம் அறியாமை ஏதுமில்லை. அவர் தம் அனுபவத்தைச் சொல்லுகிறார். ஆகையால் இதற்குத்தான் நாம் பொறுமையாக விடை தேட வேண்டும்.

முதலில் சொற்களின் பொருளைக் கவனிப்போம். 'மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் கனமழை பெய்யக்கூடும்' என்று வானிலை நிலையம் அறிவிக்கிறது. இதில் 'ஓரிரு இடங்கள்' என்பது வாய்க்கு வந்த சொல்லன்று. மழை அளக்கும் நிலையங்களில் நூற்றுக்கு 25 அல்லது அதற்கும் குறைவானவற்றில் மட்டும் என்பது அதன் கணக்கு. 'ஒரு சில இடங்கள்' என்றால் 26 முதல் 50 வரை. 'அநேக இடங்கள்' என்றால் 51 முதல் 75 வரை. 'பெரும்பாலான இடங்கள்' என்றால் அதற்கும் மேல். ஆகவே ஓரிரு இடங்கள் என்று சொன்ன நாளில் நான்கில் மூன்று பங்கு ஊர்களுக்கு அந்தக் கனமழை இல்லை என்பது அறிவிப்பிலேயே அடங்கியிருக்கிறது. அதைப் படித்த நமக்கு அது தெரியாததால், நம் ஊரில் பெய்யாததைக் கொண்டு அறிவிப்பு பொய் என்கிறோம். பக்கத்து ஒன்றியத்தில் வாய்க்கால் உடைந்திருக்கும். அது நம் காதுக்கு மறுநாள் வரும். 'கனமழை' என்பதற்கும் அளவு உண்டு. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 வரை பெய்தால் கனமழை, 204.4 வரை மிகக் கனமழை; அதற்கு மேற்பட்டது அதி கனமழை. இந்தக் கணக்குகளை அறிவிப்போடு சேர்த்துச் சொல்லாதது அனுப்புவோரின் குறை என்றே நாம் எண்ணுகிறோம். இரண்டு வரி கூடுதலாக எழுதினால் எத்தனையோ அவநம்பிக்கை குறையும்.

அடுத்து, கோபுரத்தின் எல்லையும் மாவட்டத்தின் எல்லையும் ஒன்றல்ல. வானலை வரப்புப் பார்த்து நிற்பதில்லை. ஆதலால் அடுத்த மாவட்டத்துக்கு உரிய அறிவிப்பு எல்லையோர ஊர்களிலும் ஒலிக்கும். இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் சிம் அட்டை வைத்திருப்பவருக்கு ஒரே அறிவிப்பு இருமுறை வரவும் கூடும். இவையெல்லாம் சேர்ந்து, அனுப்பியதைவிட அதிகம் வந்ததாக நமக்குத் தோன்றுகிறது.

இவை போக, அனுப்பும் அதிகாரியின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அவருக்கு இரண்டு வகைத் தவறு நேரலாம். வராத வெள்ளத்துக்கு எச்சரித்துவிடுவது ஒன்று. வந்த வெள்ளத்துக்கு எச்சரியாமல் விடுவது மற்றொன்று. முதலாவதில் திட்டு மட்டும் கிடைக்கும். இரண்டாவதில் உயிர் போகும். ஆகவே ஐயமுள்ளபோதெல்லாம் அனுப்பிவிடுவதே தமக்குப் பாதுகாப்பு என்று அவர் கருதுவார். ஆனால் அந்தத் திட்டுக்கும் ஒரு விலை உண்டு. அது உடனே தெரிவதில்லை. மெய்யான ஆபத்து வரும் நாளில்தான் தெரியும்.

2025 ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் பெருந்தீ பரவியபோது இவ்விரு தவறுகளும் ஒரே வாரத்தில், ஒரே மாவட்ட நிர்வாகத்தின் கீழ் நிகழ்ந்தன. 7 ஆம் தேதி மாலை மூண்ட தீ அல்டடீனா என்னும் ஊரை நோக்கி வந்தது. அவ்வூரின் கிழக்குப் பகுதியாருக்கு அன்று மாலையே வெளியேறச் சொல்லி அறிவிப்பு வந்தது. மேற்குப் பகுதியாருக்கோ பின்னிரவு மூன்று மணிக்குப் பிறகுதான் வந்தது. அந்தத் தீயில் மாண்டவர் ஏறத்தாழ அனைவரும் மேற்குப் பகுதியினரே. இரண்டு நாள் கழித்து, 9 ஆம் தேதி, ஒரு சிறு பகுதிக்கு மட்டும் போக வேண்டிய 'வெளியேறுக' என்னும் அறிவிப்பு தவறுதலாக மாவட்டம் முழுவதற்கும், ஏறக்குறைய ஒரு கோடிப் பேருக்கு, போய்விட்டது. சினமடைந்த பலர் கைப்பேசியில் அபாய அறிவிப்பையே அடைத்துவிட்டனர். தீ அப்போதும் எரிந்துகொண்டிருந்தது.

அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், 2018 ஜனவரி 13 ஆம் தேதி காலையில், ஹவாய்த் தீவினருக்கு ஏவுகணை வருகிறது, இது ஒத்திகை அன்று என்று அறிவிப்புப் போயிற்று. வந்தது ஏவுகணை அன்று. ஒத்திகையை மெய்யென்று கொண்ட ஓர் ஊழியரின் பிழை. அதைத் திருத்தி அடுத்த செய்தி அனுப்ப 38 நிமிடங்கள் ஆயின. பிழை நேர்வதைக் காட்டிலும், நேர்ந்த பிழையை உடனே ஒப்புக்கொள்ளத் தாமதிப்பதே நம்பிக்கையைக் கெடுக்கிறது. ஸ்பெயின் நாட்டு வலென்சியாவிலோ குறை வேறு வகை. 2024 அக்டோபர் 29 ஆம் தேதி காலையிலேயே வானிலைத் துறை சிவப்பு எச்சரிக்கை கொடுத்தது. கைப்பேசிகளுக்கு அறிவிப்பு போனது இரவு எட்டு மணிக்குப் பின். அதற்குள் தெருக்களில் ஆள் மூழ்கும் வெள்ளம். இருநூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர். ஏன் அடிக்கடி அனுப்புகிறீர்கள் என்று அன்று அங்கே யாரும் கேட்கவில்லை. ஏன் நேரத்தோடு அனுப்பவில்லை என்றே ஊர் திரண்டு கேட்டது.

நம் பக்கத்துக்கு வருவோம். 2024 ஆம் ஆண்டு ஃபெஞ்சல் புயலின்போது சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 1 ஆம் தேதி இரவுக்கும் 2 ஆம் தேதி விடியலுக்கும் இடையே வினாடிக்கு 1,68,000 கன அடி அளவுக்குத் தண்ணீர் திறந்துவிடப்பட்டது. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் தென்பெண்ணைக் கரையூர்கள் மூழ்கின. படிப்படியாக முன்னறிவிப்புக் கொடுத்தோம் என்றது அரசு. எங்களுக்கு வந்து சேரவில்லை என்றனர் பல ஊரார். இவ்விரண்டும் ஒருங்கே மெய்யாக இருக்க இடமுண்டு என்பதை நாம் கவனிக்க வேண்டும். நள்ளிரவில் வந்த குறுஞ்செய்தியைத் தூங்குகிறவர் பார்ப்பதில்லை. ஒரு மாதமாக மழைச் செய்தி பார்த்துச் சலித்தவர், இன்னொன்று வந்ததென்று திரும்பிப் படுப்பார். தூங்குகிறவரை எழுப்பவல்லது அந்த அலறல் ஓசையே. அதனால்தான் அதை அற்ப விஷயத்துக்குச் செலவிடலாகாது என்கிறோம்.

நம் தொழிலை வைத்துப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். விடியற்காலையில் பாவடியில் பாவு விரித்துக் கஞ்சி போட்டவருக்கு, அது காயும் முன் ஒரு தூறல் விழுந்தாலும் நட்டம். இழைகள் ஒட்டிக்கொண்டு ஒரு பாவே வீணாகும். அவருக்கு மஞ்சள் நிற எச்சரிக்கையே போதும், அன்று பாவு விரிக்காமல் இருக்கலாம். ஆனால் எச்சரிக்கை வந்த ஒவ்வொரு நாளும் அவர் கையைக் கட்டிக்கொண்டிருந்தால் மாதக் கூலி என்னாவது? வேகவைத்த மஞ்சளைக் களத்தில் உலர்த்துபவர், பறித்த நிலக்கடலையைக் கொடியோடு காயவிட்டவர், மூடுவதற்குத் தார்ப்பாயும் இரண்டு ஆளும் இருந்தால் ஒரு மணி நேர முன்னறிவிப்பே அவருக்குப் போதும். ஆற்றங்கரைக்காரருக்கோ தூறல் பொருட்டன்று. மேலே அணையில் எத்தனை மதகு திறந்தார்கள் என்பதே பொருட்டு. ஒரே அறிவிப்பு இவர்கள் எல்லாருக்கும் ஒரே பொருளைத் தர இயலாது. அனுப்புகிற அதிகாரிக்கு நம் பாவும் தெரியாது, களமும் தெரியாது. நிறத்தை அவர் சொல்லலாம். அந்த நிறத்துக்கு நம் வேலையில் என்ன பொருள் என்பதை நாமே முன்கூட்டி முடிவு செய்துகொள்ள வேண்டும். மஞ்சள் என்றால் கவனித்திரு, ஆரஞ்சு என்றால் ஆயத்தமாக இரு, சிவப்பு என்றால் செயலில் இறங்கு என்பது வானிலைத் துறையின் கருத்து. சிவப்பு வந்தபின் நூல் மூட்டையைத் தரையிலிருந்து பரண்மேல் ஏற்றுவது ஒரு வழி. ஆரஞ்சிலேயே ஏற்றிவிடுவது மற்றொரு வழி. தாழ்ந்த தெருவில் கிடங்கு வைத்திருக்கும் சங்கம் இரண்டாவதையே கொள்ள வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

ஒலிபரப்பை மட்டும் நம்பியும் இருந்துவிடலாகாது. அணைத்து வைத்த கைப்பேசிக்கு அது வராது. கோபுரம் எட்டாத கொல்லையிலும் வராது. 2018 நவம்பரில் கஜா புயல் கடந்தபின் டெல்டா ஊர்கள் பலவற்றில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லாதிருந்தது. மின்சாரமும் டீசலும் இல்லாத கோபுரம் வெறும் இரும்பு. தண்டோரா முறையைத் தமிழக அரசு 2022 இல் நிறுத்தியது. அத்தொழிலில் ஒரு வகுப்பாரை இழிவாக நடத்திய வழக்கம் ஒழிந்தது நன்றே. ஆனால் அந்த ஓசை செய்து வந்த வேலையை ஒலிபெருக்கியோ, வீடு வீடாகப் போய்ச் சொல்லும் இளைஞரோ ஏற்றுக்கொண்டாக வேண்டும். காது கேளாத முதியவர், தனித்து வாழும் கைம்பெண் ஆகியோர் வீடுகள் எவை என்பது கோபுரத்துக்குத் தெரியாது. சங்கத்தின் அங்கத்தினர் பதிவேட்டைப் பார்த்தால் தெரியும்.

ஐயம் எழுந்தால் கேட்டுத் தெளியவும் வழி உண்டு. மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070. இவ்வெண்களைச் சங்கக் கதவில் எழுதி வைக்கலாம். அத்துடன், வரும் பருவமழைக்கு முன் ஒவ்வொரு சங்கமும் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். அறிவிப்பு வந்த தேதி, மணி, அதன் வாசகம், அன்று நம் ஊரில் பெய்தது என்ன என்று நான்கு பத்தி போதும். செயலாளரோ கணக்கரோ எழுதலாம். மூன்று மாதக் குறிப்பு சேர்ந்தபின் அதை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் எடுத்துக் காட்டி, எந்த அறிவிப்பு தாமதித்தது, எது நமக்கு உரியதன்று, எது தமிழில் விளங்கவில்லை என்று தேதியோடு கேட்கலாம். நெசவாளர் சங்கத்தாரும் தம் குறிப்பை உழவர் சங்கத்தாரிடம் சேர்ப்பித்து உடன் செல்லலாம்.